லேசு என்றால் எந்த லேசு? மடிப்பு ட்ரெயிலரை இழுப்பது பற்றி

எங்கள் பக்கத்தில் 'லேசு' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. பாரம் குறைந்த சாமானும் லேசு, பாடுபடாமல் முடிகிற காரியமும் லேசு. சாதாரணப் பேச்சில் இதனால் ஒரு குழப்பமும் வருவதில்லை. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ட்ரெயிலர் விஷயத்தில்தான் வருகிறது.

"லேசான பெட்டி மச்சான், வெறும் 480 கிலோதான். லேசா இழுபடும்" என்று மெல்பேர்னில் இருக்கும் என் மச்சான் போன வருடம் சொன்னான். மடிப்பு ட்ரெயிலர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தான். இரண்டு கிழமை கழித்து வந்த அழைப்பில் குரல் மாறியிருந்தது. நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ட்ரெயிலர் இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கி, காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்ததாம். பின்சீட்டில் பிள்ளைகள்.

அந்த நாட்டு ட்ரெயிலர் எதையும் நான் ஓட்டியதில்லை. ஆனால் தம்பலகாமத்தில் அப்பப்பாவிடம் மாட்டுவண்டி இருந்தது, அப்பாவிடம் ட்ராக்டர் இருந்தது, நான் உப்புவெளியில் படகு ஏற்றும் ட்ரெயிலர் ஒன்றை இழுத்துக்கொண்டு திரிகிறேன். பின்னால் கட்டி இழுப்பதன் விதி மூன்றுக்கும் ஒன்றுதான். இப்போது திருகோணமலையிலும் சிலர் "இப்படி ஒன்றை இங்கேயே இரும்பு ஒட்டிச் செய்து எடுக்கலாமா" என்று கேட்கிறார்கள். கேட்கிற எல்லோரும் முதலில் கேட்பது கிலோக் கணக்கை. அது தேவைதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு மூன்று இருக்கின்றன.

மடிப்பு ட்ரெயிலர் என்பது எது?

சக்கரம் பூட்டிய மடக்குக் கட்டில் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது தட்டையான ஒரு பெட்டி. நிறுத்திய இடத்தில் விரித்தால் நாலு பேர் படுக்கிற அறை. முழு வீடாகவே கட்டி இழுக்கிற காரவானுக்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம் உயரம். காரவான் இரண்டரை மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். மடிப்பு ட்ரெயிலர் மடித்த நிலையில் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும், அதாவது ஒரு சாதாரணக் காரின் உயரம்.

பொதுவாக மூன்று வகை. முதலாவதில் கூரை மேலே எழும்பும், சுவர் துணி. நம் வாயில் சொன்னால் படங்குச் சுவர். இரண்டாவதில் இரண்டு கூரைப் பலகைகள் எழும்பி ஒன்றோடொன்று சாய்ந்து, ஓலைக் கொட்டில் போலக் கூம்பி நிற்கும். சுவர் முழுக்கக் கெட்டி. மூன்றாவதில் மேல்பாதி கீழ்பாதியை மூடிக்கொண்டு இறங்கும், தீப்பெட்டியின் மேலுறை உள்கூட்டின் மேல் வழுக்குவது போல. முதல் வகைதான் பெரும்பாலும் மிகவும் பாரம் குறைந்தது. மூன்றாவது வகை ஒரு தொன்னைத் தாண்டிப் போகக்கூடும்.

கார் எதற்கு எதிராக இழுக்கிறது?

கரியரில் அரிசி மூட்டை கட்டி சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தப் பகுதி ஏற்கனவே தெரியும். மூட்டையோடு கிளம்பும்போது கால் வலிக்கும். ஓடத் தொடங்கிய பிறகு சமதரையில் மூட்டை இருப்பதே மறந்துவிடும். பாலத்து ஏற்றத்தில் மறுபடி ஞாபகம் வரும். பிரேக் பிடிக்கும்போது இன்னொரு முறை. இப்போது அதே சைக்கிளில் மூட்டை இல்லாமல், ஆடி மாதத்துக் கச்சான் காற்றுக்கு எதிராக மிதித்துப் பாருங்கள். பாரம் ஒன்றுமில்லை, ஆனால் மூச்சு வாங்கும்.

காருக்கும் இதே இரண்டு எதிரிகள்: நிறை ஒன்று, காற்று ஒன்று. நிறை தொல்லை தருவது கிளம்பும்போதும் ஏறும்போதும் நிறுத்தும்போதும். ஒரே வேகத்தில் சமதரையில் ஓடும்போது காற்றுத்தான் தொல்லை.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். 700 கிலோ ட்ரெயிலர் ஒன்றைச் சமமான தார் ரோட்டில் உருட்டிக்கொண்டிருக்க, அதன் நிறையில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை பங்கு இழுப்புப் போதும். ஏழு முதல் பத்துக் கிலோவைத் தூக்குகிற பலம், அவ்வளவுதான். டயர் மண்ணில் புதையாத வரைக்கும் இது உண்மை.

காற்றின் கணக்கு வேறு. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் தட்டைப் பலகையை நேராக முன்னே பிடித்தால், காற்று அதை ஏறக்குறைய 30 கிலோ பாரத்தால் அழுத்தும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதே பலகைக்கு ஏழரைக் கிலோதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது என்பதுதான் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விதி. காரின் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காரவானின் நெற்றி மட்டும் இரண்டரைச் சதுர மீட்டர் வரும். முகப்பு வளைவாக இருந்தால் எதிர்ப்புக் குறையும். ஆனாலும் பத்துக் கிலோ உருளல் எங்கே, இது எங்கே?

மடித்த ட்ரெயிலர் காரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருகிறது. கார் ஏற்கனவே கிழித்துவிட்ட காற்றில்தான் அது ஓடுகிறது. மடிப்பு ட்ரெயிலர் இழுக்க லேசு என்று சொல்வதற்கு, சமதரையில், முதல் காரணம் இதுதான். அது மெலிந்தது என்பதல்ல, குனிந்தது என்பது. குறுக்காக அடிக்கும் காற்றுக்கும் இதே நியாயம். புல்மோட்டை ரோட்டில் கச்சான் பக்கவாட்டில் அறையும்போது, உயரமான லொறிகள் சரிந்து சரிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டையான பெட்டிக்கு அறை வாங்கக் கன்னம் குறைவு.

சரி, அப்படியானால் நிறை முக்கியமில்லையா? நுவரெலியாவுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பத்துக்கு ஒன்று ஏறும் சரிவில் 700 கிலோ ட்ரெயிலர் காரை 70 கிலோவால் பின்னுக்கு இழுக்கும், எந்த வேகத்தில் போனாலும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரம். அவ்வளவும் ஏற்றினால் அவ்வளவும் இறக்க வேண்டும், இறக்கும்போது எஞ்சினால் பிடிக்காவிட்டால் அந்தச் சக்தி பெரும்பாலும் சூடாகி பிரேக்கில்தான் போய்ச் சேரும்.

ஆக, திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரம் திரிகிறவருக்கு உயரம் குறைந்த பெட்டி பெரிய உதவி. மலைநாட்டுக்குப் போகிறவருக்கு அதோடு நிறையும் குறைய வேண்டும்.

தகட்டில் எழுதிய நிறையும் ரோட்டில் ஓடும் நிறையும்

மச்சான் சொன்ன 480 கிலோ பொய்யில்லை. அது வெறும் நிறை, அதாவது சாமான் எதுவும் ஏற்றாத ட்ரெயிலரின் நிறை. ட்ரெயிலரின் முன்பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் இன்னொரு எண்ணும் இருக்கும்: ஏற்றிய எல்லாவற்றோடும் சேர்த்து அது தாண்டக்கூடாத எல்லை. இதை உச்ச நிறை என்று வைத்துக்கொள்வோம். அவனுடையதில் 750. இரண்டுக்கும் இடையிலுள்ள 270 கிலோதான் அவன் ஏற்றக்கூடிய பாரம்.

270 கிலோ நிறைய என்று தோன்றும். மச்சானை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதினேன். தண்ணீர்த் தொட்டி 60 லீட்டர், அது 60 கிலோ. அதோடு 20 லீட்டர்க் கேன். பற்றரி 25. காஸ் சிலிண்டர் 18. வெளியே விரிக்கும் பந்தல் 20. குளிர்பெட்டி 20. அடுப்பும் சட்டிபானையும் 15. துணிமணி, தலையணை, போர்வை 40. கதிரை மேசை 20. கூட்டினால் 238. அப்போ, 480 கிலோ என்று நினைத்து அவன் இழுத்தது 718 கிலோ. எல்லைக்குள்தான், ஆனால் அரைவாசி கூடுதல்.

பழைய ட்ரெயிலர்களில் இன்னொரு பிசகு நடக்கும். தொழிற்சாலையில் நிறை பார்த்த பிறகு யாரோ பந்தல் பூட்டியிருப்பார்கள், இரண்டாவது பற்றரி வைத்திருப்பார்கள், மேலதிகச் சில்லு கொழுவியிருப்பார்கள். தகடு அதையெல்லாம் அறியாது. சாமான் முழுவதும் ஏற்றிக்கொண்டு, லொறிகளை அப்படியே ஏற்றி நிறுக்கும் தராசில் ஒருமுறை ட்ரெயிலரை நிறுத்துப் பார்ப்பதை விட நம்பகமான வழி இல்லை. இங்கே அரிசி ஆலைப் பக்கம் போனால் அப்படித் தராசு கிடைக்கும்.

காரின் பக்கமும் எல்லைகள் உண்டு. கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: பிரேக் உள்ள ட்ரெயிலர் என்றால் இவ்வளவு, பிரேக் இல்லாதது என்றால் அதைவிடக் குறைவாக இவ்வளவு. சில சின்னக் கார்களுக்கும் சில ஹைபிரிட்களுக்கும் இழுக்கவே கூடாது என்று எழுதியிருக்கும். "எஞ்சின் பலம் இருக்கே" என்று வாதிட வேண்டாம். தடை எஞ்சினால் வருவதாகவே இருக்க வேண்டியதில்லை. கியர்ப்பெட்டி சூடாவது, பின்பக்கச் சட்டம் தாங்காதது, பிரேக் போதாதது என்று எதுவாகவும் இருக்கலாம்.

முன்பாரம்: மாட்டுவண்டிக்காரன் அறிந்தது

இதுதான் முழுக் கட்டுரையிலும் முக்கியமான இடம், கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு சில்லு மாட்டுவண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது அப்பப்பா கடைசி இரண்டு மூட்டையை இங்கும் அங்கும் மாற்றி மாற்றி வைப்பார். மூட்டைகள் பின்னுக்குக் கூடிவிட்டால் நுகம் மேலே எழும்பும். கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இது பின்பாரம். முன்னுக்குக் கூடிவிட்டால் நுகம் கழுத்தை நசுக்கும். வண்டியில் ஆட்கள் ஏறினாலும் விடமாட்டார். "முன்பாரம் காணாது, ஒரு ஆள் முன்னுக்கு வாங்க" என்பார். நுகம் மாட்டின் கழுத்தில் அளவாக அமர்ந்திருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

கார் ட்ரெயிலரும் அச்சு அசல் இதே வண்டி. மாட்டின் கழுத்துக்குப் பதில் காரின் பின்னால் ஓர் இரும்புக் குமிழ். நுகத்துக்குப் பதில் அந்தக் குமிழைக் கவ்வும் கிண்ணம். ட்ரெயிலரின் மூக்கு அந்தக் குமிழை எத்தனை கிலோவால் கீழே அழுத்துகிறதோ அதுதான் முன்பாரம். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டிய அவசியமே இல்லை.

எவ்வளவு இருக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவில் ட்ரெயிலரின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கைக்கணக்கு. அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை என்பார்கள். ஐரோப்பாவில் வேகமும் வடிவமைப்பும் வேறு, அதனால் அதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். பல கார்களின் குமிழ் தாங்கும் எல்லையே 75 அல்லது 100 கிலோதான். எந்தக் கணக்கானாலும் காரின் குமிழுக்கு எழுதியிருக்கும் எல்லையைத் தாண்டக்கூடாது.

ஏன் முன்பாரம் இருந்தால் ட்ரெயிலர் நேராக ஓடுகிறது? அம்பை நினைத்துப் பாருங்கள். அம்பின் முனை பாரம், வாலில் இறகு. காற்றில் கொஞ்சம் கோணினாலும், இறகு பின்னால் இழுபட்டு அம்பை மறுபடி நேராக்கிவிடும். ட்ரெயிலரில் அந்த இறகின் வேலையைச் செய்வது டயர்கள். பாரத்தின் நடுமையம் அச்சுக்கு முன்னால் இருந்தால், ட்ரெயிலர் ஒரு பக்கம் விலகும்போது டயர்கள் ரோட்டைப் பிடித்து அதைத் திரும்ப நேருக்குக் கொண்டுவரும். நடுமையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் அம்பை இறகுப்பக்கம் முன்னே வைத்து எய்தது போலாகிவிடும். அதே டயரின் பிடி இப்போது விலகலை இன்னும் பெரிதாக்கும்.

இங்கே நிறை குறைந்த ட்ரெயிலர் ஒரு வம்பு செய்கிறது. பெரிய காரவானில் ஒரு தண்ணீர்க் கேனை இடம் மாற்றினால் ஒன்றும் நடக்காது. சின்ன ட்ரெயிலரில் அது எல்லாவற்றையும் மாற்றும். அச்சிலிருந்து குமிழ் வரை மூன்று மீட்டர் என்று வைப்போம். அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 40 கிலோச் சாமான் வைத்தால், ஏற்றப்பலகை விளையாட்டுப் போல மூக்கு 20 கிலோ எழும்பும். அதையே ஒன்றரை மீட்டர் முன்னால் வைத்தால் மூக்கு 20 கிலோ இறங்கும். ஒரே சாமான், 40 கிலோ வித்தியாசம். 700 கிலோ ட்ரெயிலருக்குத் தேவையான முன்பாரமே 70 என்னும்போது இது எவ்வளவு பெரிய தொகை என்று பாருங்கள்.

மச்சானின் ட்ரெயிலரில் குளிர்பெட்டியும் கதிரைகளும் கேனும் பின்கதவுக்குப் பக்கத்தில். எடுக்க வசதியாம்.

முன்பாரம் கூடினால் கூட ஆபத்துத்தான், ஆனால் வேறு விதமாக. குமிழ் காரின் பின்னச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டரை மீட்டர் அச்சிடைவெளி உள்ள காரில், பின்னச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உள்ள குமிழில் 80 கிலோ அமர்ந்தால், முன் சில்லுகளில் 32 கிலோ குறையும், பின் சில்லுகளில் 112 கிலோ கூடும். முன் சில்லால் இழுக்கிற, முன் சில்லால் திரும்புகிற காருக்கு இது நல்லதில்லை. இரவில் முன்விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். அதோடு, குமிழில் அமரும் அந்த 80 கிலோ, கார் சுமக்கும் ஆட்கள் பொதிகளின் கணக்கிலும் சேர்கிறது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அளக்க ஒரு கருவியும் வாங்க வேண்டாம். வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு போதும். சமதரையில் ட்ரெயிலரை நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் கொடுத்து, தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அந்தக் கட்டையின் மேல் கிண்ணத்தை இறக்குங்கள். கட்டையின் உயரம், காரில் குமிழ் இருக்கும் உயரத்துக்குச் சரியாக வர வேண்டும். மூக்கு தூக்கியோ தாழ்ந்தோ இருந்தால் கணக்குப் பிழைக்கும். சாமான் முழுவதையும் ஏற்றிய பிறகே அளக்க வேண்டும், வெறும் பெட்டியை அளந்து பிரயோசனமில்லை.

வாலாட்டம்

ட்ரெயிலர் இரண்டு பக்கமும் ஆடுவதை வாலாட்டம் என்று சொல்லலாம். ஒரு லொறி முந்தும்போது தள்ளுகிற காற்று, ஒரு குழி, ஒரு வெட்டித் திருப்பல், ஏதோ ஒன்று அதைத் தொடக்கி வைக்கும். ஒவ்வொரு ட்ரெயிலருக்கும் ஒரு வேகம் இருக்கிறது. அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும். அதற்கு மேலே ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். முன்பாரம் குறையக் குறைய அந்த வேகமும் கீழே இறங்கும். மச்சானுக்கு அது 90-இல் வந்தது.

முன்பாரம் சரியாக இருந்தும் ஆடுகிற ட்ரெயிலர்கள் உண்டு. அதற்குக் காவடித் தண்டைப் பாருங்கள். தண்டின் இரண்டு முனையிலும் பாரக் குடம் கட்டித் தோளில் வைத்தவர் சட்டென்று திரும்ப முடியாது. திரும்பத் தொடங்கினால் சட்டென்று நிற்கவும் முடியாது. அதே இரண்டு குடத்தையும் தோளுக்குப் பக்கத்தில் கட்டினால் லேசாகத் திரும்பலாம், லேசாக நிற்கலாம். தராசில் நிறை ஒன்றுதான். முன்னே மூக்கில் இரண்டு பற்றரி, பின்னே வாலில் தண்ணீர்க் கேன் என்று சமப்படுத்தி வைத்தவரின் ட்ரெயிலர் ஒரு காவடித் தண்டு. பாரச் சாமான்களை அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னாலும் வைக்க வேண்டும். தலையணை, துணி, பாய் போன்றவை முனைகளுக்குப் போகலாம்.

ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். அழுத்தி பிரேக் பிடிக்காதீர்கள், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், வேகம் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ட்ரெயிலருக்கு மட்டும் தனியாக பிரேக் கொடுக்கும் விசை காரில் இருந்தால் அதை மெல்லக் கொடுக்கலாம். ஆட்டத்தைத் தணிக்கும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. அவை நல்லவைதான், ஆனால் தவறாக ஏற்றிய பாரத்தை அவை இடம் மாற்றி வைக்கப்போவதில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: குனிந்த உருவம் காற்றை வெல்கிறது, குறைந்த நிறை ஏற்றத்தை வெல்கிறது, நேராக ஓடுவது மட்டும் நீங்கள் சாமானை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

நிறுத்துவது

"ட்ராக்டர்ப் பெட்டிகள் பிரேக் இல்லாமல்தானே ஓடுது?" என்று கேட்பார்கள். ட்ராக்டர் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 80-இல் ஓடும் ட்ரெயிலரிடம் அதே நிறைக்குப் பதினாறு மடங்கு சக்தி இருக்கும். அதை நிறுத்துவது யார்?

ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 750 கிலோவுக்கு மேலே போனால் ட்ரெயிலருக்குச் சொந்த பிரேக் வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் சின்ன மடிப்பு ட்ரெயிலர்கள் பலவற்றின் தகட்டில் சரியாக 750 என்று இருக்கும். அந்த எண்ணுக்கு ஒரு கிலோ கீழே இருந்தால் பிரேக் தேவையே இல்லை என்பதல்ல அர்த்தம். காரில் ஐந்து பேரும் பின்னால் 700 கிலோவும் என்றால், சட்டம் கேட்காவிட்டாலும் நான் பிரேக் உள்ளதையே எடுப்பேன்.

இந்த பிரேக்கில் எளிதான வகை, கார் வேகம் குறைக்கும்போது ட்ரெயிலர் முன்னுக்குத் தள்ளுகிற அந்தத் தள்ளலையே வைத்து வேலை செய்வது. மூக்கில் உள்ள தண்டு உள்ளே அமுங்கும், அது கம்பியை இழுக்கும், கம்பி சில்லைப் பிடிக்கும். மற்றது மின்சாரத்தால் பிடிப்பது. காருக்குள் ஒரு சின்னப் பெட்டி பூட்ட வேண்டும். இரண்டில் எதுவானாலும், மலை இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினாலேயே பிடித்துக்கொண்டு வருவதற்கு மாற்று இல்லை.

குமிழையும் கிண்ணத்தையும் பற்றி ஒரு வார்த்தை. 50 மில்லிமீட்டர்க் குமிழும் இரண்டு அங்குலக் குமிழும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டு அங்குலம் என்பது 50.8. அந்த முக்கால் மில்லிமீட்டரை அலட்சியம் செய்து இரண்டையும் கலந்து பூட்டாதீர்கள். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்கின் கீழே குறுக்காகப் பூட்டினால், கிண்ணம் கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

பின்னுக்கு எடுப்பது

சின்ன ட்ரெயிலர் ரிவர்ஸ் எடுக்க லேசு என்பது சுத்தப் பொய். நீளமானது ஆறுதலாகத் திரும்பும், யோசிக்க நேரம் தரும். குட்டையானது கண்மூடித் திறப்பதற்குள் மடங்கிக் காரின் மூலையை முத்தமிடும். லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு கை ட்ராக்டரின் பெட்டியைப் பின்னுக்கு எடுத்தவர்களைக் கேளுங்கள். மடித்த ட்ரெயிலர் தாழ்வாக இருப்பதால் கண்ணாடியில் தெரியாமலும் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டால், ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் மைதானத்தில் பழகுங்கள். ஒரு நல்ல விஷயம், மடிப்பு ட்ரெயிலரைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் கையால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தலாம். நான் அதைத்தான் செய்வேன்.

எதை எடுப்பது?

துணிச்சுவர் வகை பாரம் குறைந்தது, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் ஈரத்தோடு மடிக்க முடியாது. மடித்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்து மணக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை எங்கள் ஊர் மழையில் அதை எங்கே காயவைப்பது? மழைக்குப் பிறகு ஈரத்துணி ஏற்றும் பாரத்தையும் கணக்கில் சேருங்கள். கெட்டிச் சுவர்க் கூம்பு வகை சில நிமிடத்தில் எழும்பிவிடும், மழையைப் பற்றிக் கவலை இல்லை. உள்ளே நிமிர்ந்து நிற்க நடுவில் மட்டும்தான் இடம். இரண்டு பேருக்கும் ஒரு குழந்தைக்கும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நாலைந்து பேருக்குத் துணி வகையில்தான் படுக்கை அகலும்.

துணியா கெட்டியா என்பதில் பாதுகாப்பும் வருகிறது. அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற முகாமில் கரடிகள் காரணமாகத் துணிச்சுவர் ட்ரெயிலர்களை விடுவதில்லை. நம் கந்தளாய், ஹபரணைப் பக்கத்து யானைக்கு இரண்டு சுவரும் ஒன்றுதான். அங்கே ரோட்டோரம் படுக்கிற யோசனையையே விட்டுவிடுங்கள்.

பழையது வாங்குகிறவர் விற்கிறவர் முன்னாலேயே விரித்து, மறுபடி மடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு தானே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். தூக்கும் கம்பி பிசிறியிருக்கிறதா, தரைப்பலகை பெருவிரலுக்கு அமுங்குகிறதா, மடிப்பைப் பிரித்தவுடன் பூஞ்சண மணம் வருகிறதா என்று பாருங்கள். டயரில் பூ நிறைய இருக்கும், ஆனால் பக்கச்சுவர் வெயிலில் வெடித்திருக்கும், ஏனென்றால் ட்ரெயிலர் வருடத்தில் பாதி நாள் சும்மாதான் நிற்கிறது. கடற்கரையில் நின்ற ட்ரெயிலர் என்றால் கீழே படுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மேலே பெயின்ட் பளபளக்கும், அடிச்சட்டம் உப்புக்காற்றில் அப்பளமாகியிருக்கும்.

இங்கேயே ஒட்டி எடுக்க நினைப்பவர்கள் முதலில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விஷயத்தை விசாரித்துவிட்டு இரும்பு வாங்குங்கள். அப்புறம் கராஜில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்: அச்சைப் பெட்டியின் சரிநடுவில் வைக்க வேண்டாம். பார்க்க அழகாக இருக்கிறதென்று நடுவில் வைத்துவிடுவார்கள், எனக்கு முதல் படகு ட்ரெயிலரை அப்படித்தான் செய்து தந்தார்கள். நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளினால்தான் முன்பாரம் தானாக வரும்.

மச்சான் போன மாதம் மறுபடி அழைத்தான். ஆள் நிறுக்கும் தராசும் கட்டையும் வைத்து அளந்திருக்கிறான். முதல் அளவு 31 கிலோ. தொட்டித் தண்ணீரைப் பாதியாக்கி, கேனையும் குளிர்பெட்டியையும் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்து, கதிரைகளை நடுவில் படுக்கவைத்து மறுபடி அளந்தபோது 68. மொத்தத்தையும் நிறுத்தால் 690-க்குக் கிட்ட. அதற்குப் பிறகு ஒரு நீளப் பயணம் போய் வந்துவிட்டான், வால் ஆடவில்லை. ஒரே ஒரு குறை அவனுக்கு: குளிர்பெட்டி முன்னால் போனதால், வழியில் பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் எடுக்க ட்ரெயிலரைப் பாதி விரிக்க வேண்டியிருக்கிறதாம்.